நெஞ்சு இறுகுகிறது என்கிறார்

மேடையில் மொழிபெயர்ப்பவனுக்குப் பெரும்பாலும் கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிதான் போடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விருந்தினருக்கு மெத்தை வைத்த நாற்காலி, கேள்வி கேட்பவருக்கு அதேபோல் இன்னொன்று, ஓரத்தில் எனக்கு இது. என்னை யாரும் பார்ப்பதில்லை. என் வாயிலிருந்து வருவதை விருந்தினர் சொன்னதாகவே கேட்டுக்கொள்வார்கள். அந்த வேலைக்கு அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அம்ருதா மேடம், எனக்குத் தெரிந்த எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதித் தரலாம் என்றீர்கள். எனக்கு மலையாளம்தான் கைவந்த எழுத்து. மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவன். ஆனால் நீங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், தமிழ் நன்றாகவே வாசிப்பேன் என்றதால் தமிழில் எழுதுகிறேன். இதையாவது யாரும் மொழிபெயர்க்காமல் நேராக வாசிக்கட்டும் என்று தோன்றியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நல்லசிவம். வயது ஐம்பத்துநான்கு. அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து பஜார் ரோட்டில் மிளகு மூட்டை தூக்கியவர். நான் இருபத்தைந்தாவது வயதில் துபாய் போனேன். ஹெராத்திலிருந்து வந்த ஓர் ஆப்கானியரின் கடையில் பத்தொன்பது வருடம் குங்குமப்பூவும் உலர்ந்த பழங்களும் எடை போட்டேன். அங்கே படித்ததுதான் பாரசீகம். யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் என்னைத் தவிர எல்லோரும் அதைத்தான் பேசினார்கள், வேறு வழியில்லாமல் காது பழகியது.

திரும்பி வந்தபோது என் மனைவி அமுதவள்ளி நான் இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டிருந்தாள். கோபம், சண்டை எதுவும் கிடையாது. மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் அவளுக்குத் துணையாகப் போனாள். இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில், "எப்ப வர்ற?" என்று கேட்டேன்.

"நீங்க அங்க நல்லாத்தானே இருக்கீங்க. இங்க வீடு சின்னது," என்றாள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பனையப்பள்ளியில் என் வீட்டில் ஆறு தட்டுகள் உண்டு. ஒன்றைத்தான் கழுவுவேன்.

பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிடங்கைப் புதுப்பித்துக் கட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா மூட்டை இறக்கிய கிடங்குகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே உலக இசை நிகழ்ச்சி நடக்கும். மாலியிலிருந்து வருவார்கள், பல்கேரியாவிலிருந்து வருவார்கள், வாசிப்பார்கள், பிறகு தங்கள் வாத்தியத்தைப் பற்றிப் பேசுவார்கள். போன வருடம் ஜூன் மாதம் ரபாப் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு கலைஞர் ஆறு மாதம் தங்கி வாசிக்கவும் பேசவும் வரப்போகிறார், அவருக்குப் பாரசீகம் மட்டும்தான் தெரியும் என்று தேடியபோது, படகு ஜெட்டிப் பக்கத்துச் சாயாக்கடைக்காரர் என் பெயரைச் சொன்னார்.

அவர் பெயர் அப்துல் சமத். வயது அறுபத்தொன்று. ஹெராத்தில் ஆட்சி மாறி இசைக்குத் தடை வந்த பிறகு, எல்லைக்கு அப்பால் மஷ்ஹதில் மூன்று வருடம் ஓர் உறவினரின் தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள் பரிஷ்தா ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில் இருந்தாள். இசைப்பள்ளியில் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றார்கள். மட்டாஞ்சேரியில் உஸ்தாத் என்றால் மதரசாவில் ஓதிக்கொடுப்பவர். அதனால் தெருவில் பிள்ளைகள் அவரைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு ஸலாம் சொல்வார்கள். அவருக்கு அது புரியவில்லை. இந்த ஊரில் இசைக்கலைஞர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். நான் அவருக்குச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் பேச்சில் நான் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்தேன். ஒரு மாணவர் ரபாபில் எத்தனை தந்தி என்று கேட்டார். சமத் தான் பிறந்த வீட்டு முற்றத்து முசுக்கட்டை மரத்திலிருந்து ஆரம்பித்தார். மரத்தை வெட்டிய மாமா, மாமாவின் நொண்டிக் கழுதை, அந்தக் கழுதையைத் திருடியவன் என்று போனது. சபையில் கைபேசிகள் வெளிச்சமாயின. அப்போது நான் பாதியில் வெட்டிவிட்டு, "எத்தனை தந்தி என்று என் மனைவியும் கேட்பாள், ஒவ்வொரு முறை அறுந்ததும் வேறு எண்ணிக்கை சொல்வேன் என்கிறார்" என்று சொன்னேன். அரங்கம் சிரித்தது. அவர்கள் தன் கழுதைக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். வெளியே வந்ததும் வலது கையைத் தன் மார்பில் வைத்துத் தலை குனிந்தார்.

"பராதர், இன்று என் பேச்சை அவர்களைக் கேட்க வைத்தாய்," என்றார்.

பராதர் என்றால் சகோதரன். துபாயில் அந்தச் சொல்லை யாரும் யாருக்கும் சொல்வார்கள், கடன் கேட்பவன்கூடச் சொல்வான். ஆனால் கையை மார்பில் வைத்து ஒருவர் எனக்குத் தலை குனிந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலை நாங்கள் ஜெட்டிக்குப் போவோம். கல்வத்தியில் அவருக்கு ஒரு மாடி அறை கொடுத்திருந்தார்கள். மழையில் ரபாபின் தோல் தளர்ந்துவிடும் என்று ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் வாத்தியத்தைச் சாய்த்துவிட்டுக் கிளம்புவார். பாலும் சர்க்கரையும் இல்லாத சுலைமானிச் சாயா குடிப்பார், கூட வெல்லத்துண்டைக் கடித்துக்கொள்வார். எதிரே வல்லார்பாடத்தில் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நான் கேட்பேன். சில நாள் நானும் பேசினேன். அமுதவள்ளியைப் பற்றிச் சொன்னது அவரிடம் மட்டும்தான்.  அவர் தன் வெல்லத்தில் பாதியை உடைத்து என்னிடம் கொடுத்தார்.

இந்த ஊரில் அவர் பேசுவது என் ஒருவனுக்குத்தான் புரியும். இதைப் பற்றி அப்போது நான் அதிகம் யோசித்ததாக நினைவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு காரணத்தோடு எழுந்தேன், அவ்வளவுதான்.

மாணவர்களில் அதிதி என்ற பெண் கெட்டிக்காரி. தேவர்முக்கில் குடியிருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவளும் அவள் தோழிகளும் ரபாப் கற்றுக்கொள்ள அவர் அறைக்கு வந்தார்கள். கைபேசியில் ஏதோ செயலியை வைத்து, மலையாளத்தில் தட்டினால் பாரசீகத்தில் வரும் என்றார்கள். ஒரு நாள் வாத்தியத்தின் தோலை எப்படி இழுத்துக் கட்டுகிறீர்கள் என்று கேட்கப்போய், "உங்கள் தோலை எப்படி உரிப்பீர்கள்" என்று அதில் வந்தது. சமத் கைபேசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அது யந்திரத்தின் பிழை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்போம்.

"இளம் பிள்ளைகள். கேலி செய்கிறார்கள், மனதில் வைக்காதீர்கள்," என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. ரபாபை எடுத்துத் துணியால் மூடினார். அதற்குப் பிறகு யாராவது கைபேசியை நீட்டினால் கையசைத்து மறுத்துவிடுவார். அடுத்த வாரம் அதிதி என்னிடம் வந்தாள்.

"சேட்டா, உஸ்தாதுக்கு எங்களோட தேஷ்யமா? நாங்க என்ன தப்பு பண்ணிட்டோம்?"

"கோபமெல்லாம் இல்ல மோளே. வயசாச்சு, தலைவேதனை. கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்கோ," என்றேன்.

பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டபோது பரீட்சை என்றேன். இரண்டு பக்கமும் யாருடைய மனமும் புண்படவில்லை. பரீட்சை முடிந்துவிட்டதா என்று அவர் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கேட்டார். இந்த ஊரில் பரீட்சைகள் நீளம் என்று சொல்லிச் சிரித்தேன்.

மகளுடன் அவர் தினமும் பேசுவார். அதில் நான் தலையிட்டதில்லை. அது அவர்கள் மொழியில் அவர்களே பேசிக்கொள்வது. ஆனால் அவரை ஜெர்மனிக்கு அழைத்துக்கொள்ள மகள் கொடுத்த விண்ணப்பத்தில், இந்தியாவில் தொடர்புகொள்ள என் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெங்களூருக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி விசா அலுவலகத்திலிருந்து ஆகஸ்டில் கடிதம் வந்தது. விருந்தினருக்கு உடல்நிலை சரியில்லை, வேறு தேதி தாருங்கள் என்று பதில் எழுதினேன். அக்டோபரில் இன்னொன்று வந்தது. அதற்கும் அப்படியே எழுதினேன். இதை நீங்கள் என் மடிக்கணினியில் பார்த்துவிட்டீர்கள். இரண்டு கடிதங்களும் மரியாதையாகத்தான் இருக்கும்.

உடல்நிலை பற்றி எழுதியது முழுப் பொய்யும் இல்லை. ஹெராத்தில் ஒரு முறை அவருக்கு நெஞ்சுவலி வந்து பதினொரு நாள் படுக்கையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். தினமும் இரண்டு மாத்திரை சாப்பிடுவார். இதையும் நீங்கள் கேட்டீர்கள்: எனக்கு முன்பே தெரியுமா என்று. தெரியும்.

நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்துவிட்டேன். எழுந்து இசைப்பள்ளிக்குப் போனபோது இயக்குநர் ஸ்வர்ணலதா மேடம் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"நல்லசிவம், நல்ல சமாசாரம். நம்ம உஸ்தாதுக்கு விசா கெடைக்கப் போறது. பொண்ணு எனக்கு நேரா ஃபோன் பண்ணினா. நானே பெங்களூருக்குக் கூட்டிண்டு போயிட்டு வந்துட்டேன். முன்னால ரெண்டு தடவை மெயில் வந்ததாமே? எங்கயாவது ஸ்பாம்ல போய் விழுந்திருக்கும், விடுங்கோ."

"பாஷை எப்படி மேடம் சமாளிச்சீங்க?"

"அந்தப் பொண்ணை ஃபோன்ல வெச்சுண்டேதான். ரெண்டு நாளும் அவதான் ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தா. ஒண்ணும் கஷ்டமே இல்லை."

ஒன்றும் கஷ்டமில்லை என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அன்று மாலை சமத் என்னைக் கட்டிப்பிடித்தார். ஹாம்பர்க்கிலும் இதேபோல் துறைமுகம் உண்டு, இதேபோல் கிரேன்கள் உண்டு, நீ ஒரு நாள் வரவேண்டும் பராதர் என்றார். மகளுக்கு ஒரு குழந்தை, அதற்கு நான்கு வயது, தாத்தாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறது என்றார். கிரேன்களைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பேசினார். நீ இனி என்ன செய்வாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சந்தோஷமாக இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது.

டிசம்பரில் விசா கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கு முந்திய சனிக்கிழமை அவருடைய கடைசி நிகழ்ச்சி. பேச்சும் வாசிப்புமாக ஒன்றரை மணி நேரம் என்று அச்சடித்திருந்தார்கள். எண்பது தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் சிலரும் இருந்தார்கள். முதல் வரிசையில் அதிதியும் தோழிகளும். பரீட்சை முடிந்துவிட்டதா என்று சமத் அவர்களைப் பார்த்துச் சைகையில் கேட்டார். அவர்களுக்குப் புரியவில்லை, கையசைத்தார்கள்.

காலையிலிருந்தே அவர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கட்டியதில் பிடித்துக்கொண்டது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது உண்மை.

இனி நடந்ததை நீங்கள் காணொளியில் பலமுறை பார்த்திருப்பீர்கள். மகள் நிமிடம் நொடி போட்டு எழுதி அனுப்பிய தாளும் உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் என் வாயால் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

ஐந்து இருபதுக்கு, சுருதி சேர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒலிவாங்கி, அதனால் அது பதிவாகியிருக்கிறது. "பராதர், என் நெஞ்சு இறுகுகிறது. மூச்சு வரவில்லை. இவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடு."

அவர்கள் மொழியில் ஒருவர் தில், அதாவது இதயம், இறுகுகிறது என்றால் பிரிவு தாங்கவில்லை, ஏக்கமாக இருக்கிறது என்று பொருள். தினப்படி பேச்சில் வருவதுதான். நம் மொழியிலும் மலையாளத்திலும் நெஞ்சு என்றால் உடம்பும் உண்டு, மனமும் உண்டு. நான் சபையைப் பார்த்து, "உங்களையெல்லாம் விட்டுப் போவதை நினைத்தால் நெஞ்சு இறுகுகிறது என்கிறார்" என்றேன்.

 பிறகு கைதட்டினார்கள். ஸ்வர்ணலதா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காணொளியில் அதுவும் தெரியும்.

என் வக்கீல் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். சொல்லில் இரண்டு அர்த்தம் இருக்கிறது, மொழிபெயர்த்தவன் தவறாக எடுத்துக்கொண்டான் என்று வாதாடலாமாம். அவருக்கு நன்றி. ஆனால் சமத் தில் என்று சொல்லவில்லை. ஸீனா என்று சொன்னார். ஸீனா என்றால் மார்க்கூடு, எலும்பும் சதையும் உள்ளது. அதில் வேறு அர்த்தம் கிடையாது. துபாய்க் கடையில் பத்தொன்பது வருடம் இருந்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று யாரும் எழுத வேண்டாம்.

கைதட்டலைக் கேட்டு அவர் குழம்பினார். "சொன்னாயா?" என்று கேட்டார்.

"சொன்னேன். வண்டி எடுத்துவர ஆள் போயிருக்கிறது. பஜார் ரோட்டில் லாரி நிற்கிறது, பத்து நிமிடம் ஆகும். அதுவரை பிள்ளைகள் பயப்படாமல் இருக்க ஏதாவது வாசிக்கச் சொல்கிறார்கள்," என்றேன்.

கைதட்டியது எதற்கு என்று கேட்டார். தைரியம் சொல்கிறார்கள் என்றேன். அவர் சபையைப் பார்த்து மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

ரபாபை எடுத்து மடியில் வைத்தவர், "இடது கை என்னுடையது மாதிரியே இல்லை," என்றார். நான் அதைச் சபைக்கு, "இந்தப் பண்ணில் இடது கை தன்னுடையதே அல்ல என்பதுபோல் விட்டுவிட வேண்டும் என்கிறார்" என்று சொன்னேன். அதிதி குறித்துக்கொண்டாள். அந்தக் குறிப்பேட்டையும் நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவர் ஒன்பது நிமிடம் வாசித்தார். எனக்கு இசை தெரியாது. அன்று வாசித்ததுபோல் அவர் வாசித்ததில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இடது கை சரியாக எழும்பாததால் சுரங்கள் விட்டுவிட்டு வந்தன, நடுவில் நிறைய வெற்றிடம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அந்த அரங்கில் மின்விசிறி சரியில்லை, எனக்கும் வேர்த்தது. நடுவில் ஒரு முறை தலை தூக்கி, "வண்டி?" என்றார். "வாசலுக்கு வந்துவிட்டது, முடித்துவிடுங்கள்," என்றேன்.

முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இருக்கும் ஓய்வறைக்குக் கூட்டிப்போனேன். வெளியே போவதாக நினைத்தார். உட்கார்ந்த பிறகு, டாக்டரையே இங்கே கூட்டிவருகிறார்கள், அசையாமல் இருக்கச் சொன்னார்கள் என்றேன். கதவைச் சாத்தினேன்.

ஸ்வர்ணலதா மேடம் வந்து தட்டினார். "நல்லசிவம், உஸ்தாதுக்குச் சாயா ஏதாவது கொடுத்தனுப்பட்டுமா? பொக்கே எல்லாம் வெச்சிண்டு பிள்ளேள் நிக்கறா."

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கார் மேடம். பிரியற துக்கம். கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்," என்றேன்.

"ஐயோ பாவம். இருக்கட்டும், இருக்கட்டும்," என்று போனார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிடம் உள்ளே இருந்தோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். இதுவும் எனக்குத் தெரியும். பிறகு நான் கதவைத் திறந்து, உஸ்தாத் கண் திறக்கவில்லை என்று சத்தம் போட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். வண்டி இரண்டே நிமிடத்தில் வந்தது.

ஏன் என்று கேட்டீர்கள். மூன்று நாளாக அதைத்தான் கேட்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சோர்ந்த குரலில். அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நான் நினைத்தது செவ்வாய்க்கிழமையைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே டாக்டர்கள் இருப்பார்கள், ஃபோனில் மகள் இருப்பாள், குணமாகி ஒரு வாரம் தள்ளியாவது கிளம்பிவிடுவார். மேடையில் இருக்கும்வரை அவர் எனக்கு வேண்டியவர், நான் அவருக்கு வேண்டியவன். நிகழ்ச்சி முடியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. ஒவ்வொரு வாக்கியமாக அதை நீட்டினேன். சாவு எந்த வாக்கியத்தில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மட்டாஞ்சேரிப் பள்ளிவாசல்காரர்கள் பெரிய மனதோடு இடம் கொடுத்தார்கள். அங்கேயே அடக்கம் செய்தோம். மகளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்று இரவே என்னைக் கூப்பிட்டாள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று அழுதுகொண்டே கேட்டாள். உன் பெயரைச் சொன்னார் என்றேன். என் அப்பா தனியாகச் சாகவில்லை, நீங்கள் இருந்தீர்கள், உங்கள் கையை முத்தமிடுகிறேன் என்றாள். பிறகு வாரம் ஒரு முறை கூப்பிட்டாள். தன் குழந்தையை என்னிடம் பேசச் சொன்னாள். அந்த ஏழு வாரம் எனக்கு நன்றாகவே போயிற்று.

ஜனவரி கடைசியில், அஞ்சலியாக இசைப்பள்ளி அந்தக் காணொளியை இணையத்தில் போட்டது. வெட்டாமல் முழுவதும். ஸ்வர்ணலதா மேடம் சுட்டியை முதலில் அனுப்பியது மகளுக்குத்தான். உலகத்தில் அதைப் பார்த்த நூற்றுக்கணக்கானவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் அவர் பேசியது நேராகக் கேட்டிருக்கிறது.

அடுத்த நாள் மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அதிதியும் அங்கே இருந்தாள். மேசைமேல் பரிஷ்தா அனுப்பிய தாள். இடது பக்கம் அப்பா சொன்னது, வலது பக்கம் நான் சொன்னது. என் மலையாளத்தை அவளுக்குப் பெயர்த்துக் கொடுத்தது அதிதிதான், அந்தச் செயலியை வைத்து. இந்த முறை அதில் பிழை எதுவும் வரவில்லை.

"இதுல ஏதாவது தப்பு இருக்கா, சேட்டா?" என்று அதிதி கேட்டாள். இருக்கிறது என்று நான் சொல்வேன் என அவள் எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

நான் தாளை முழுவதும் படித்தேன். நல்ல மொழிபெயர்ப்பு. அப்படியே சொன்னேன்.

நேற்று பரிஷ்தா வந்தபோது ஸ்டேஷனின் இந்த அறையில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தீர்கள். அவள் பேசியது உங்களுக்குப் புரியவில்லை, எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அந்த அறையில் என்ன நடந்தது, பொய் இல்லாமல் சொல் என்றாள். சொன்னேன். அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. முதலில் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். டாக்டர் வருகிறாரா என்று மூன்று முறை கேட்டார், வருகிறார் என்றேன். பிறகு, "நான் சொன்னதை நீ இவர்களிடம் சரியாகச் சொன்னாய் அல்லவா, பராதர்?" என்று கேட்டார். சரியாகச் சொன்னேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது, நகம் பதிந்தது. கடைசிவரை விடவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது, நீ எழுந்து கதவைத் திறந்து யாரையாவது கூப்பிட வேண்டும் என்று கெஞ்சித்தான் பிடித்திருக்கிறார், நீ எழுந்திருக்கவில்லை என்றாள் பரிஷ்தா. பாவம், அவள் அங்கே இல்லை. நான்தான் இருந்தேன். ஒருவர் உயிர் போகும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தார், மேடம். அதற்கு நட்பு என்பதைத் தவிர எந்த மொழியிலும் எனக்கு வேறு சொல் தெரியாது.